சாப்பாட்டு அறைச் சுவரில் நான்

1

என் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறேன் என்பதால் மாலை மட்டும் போடவில்லை.

கனடாவின் கிழக்குக் கரையில், பாதி வருடம் பனியில் கிடக்கும் ஒரு துறைமுக ஊர் இது. மீனையும் இறாலையும் உறைய வைத்து அடுக்கும் ஒரு குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ராயபுரத்தில் பிறந்தவனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் மீன் வாசம் விடாது போலிருக்கிறது. கிடங்கின் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவ் அடுப்புக்கு நேர் மேலே, என் முகம் இப்போது ஒரு கதவின் அகலத்துக்கு இருக்கிறது. பல் அத்தனையும் தெரிகிறது. கீழே ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இவர் அமல். மில்லெனியல். கட்டிப்போடாத வேலைதான் இவருக்குப் பிடிக்கும். உங்களுக்கு?’

முதல் தடவை அதைப் பார்த்த அன்று, சூடு பண்ணிய மீன் குழம்புச் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. கோபம் வந்தால் பசி போகும் என்று தெரியும். ஆனால் இது கோபம் இல்லை. நம் முகத்தைக் கழற்றி எடுத்து அதில் யாரோ எச்சில் கையைத் துடைத்த மாதிரி ஒரு அருவருப்பு.

மில்லெனியல் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகளின் நடுவரை உலகத்தில் எங்கே யார் பிறந்திருந்தாலும் இங்கே அவர்களை ஒரே மூட்டையாகக் கட்டி இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். எங்கள் கிடங்குக்கு வரும் இறால் பெட்டியில் ஒட்டிய சீட்டு ஒன்று, உள்ளே இருக்கிற சரக்கு வேறு என்றால், பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். மனுஷனுக்கு அந்தச் சோதனை கிடையாது.

இந்தப் படத்தால் எனக்கு என்ன போச்சு என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிடங்கில் வேய்ன் என்பவர் ஓய்வு பெறப் போகிறார். அவர் இருப்பது நிரந்தர இடம். திங்கள் முதல் வெள்ளி வரை பகல் ஷிஃப்ட், அவ்வளவுதான். என்னைப் போன்றவர்கள் கூப்பிட்டால் போகிற ஆட்கள். அந்த இடத்துக்கு நான் எழுதிப் போட்டிருந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. எங்கள் மகள் மெர்லினுக்கு ஒன்பது வயது. நாங்கள் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. வேய்னின் இடம் கிடைத்தால் அது தினமும் நடக்கும். நான் கேட்டது அதைத்தான்.

2

எல்லாம் ஒரு பயிற்சி வகுப்பில் ஆரம்பித்தது. ‘தலைமுறைகளைப் புரிந்துகொள்வோம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய நகரத்திலிருந்து ப்ரூக் என்று ஒரு பெண்மணி வந்திருந்தார். நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் அவர் தொழில். கிடங்கில் வேலை செய்யும் எல்லோரையும் பிறந்த வருடம் கேட்டுக் கேட்டுப் பிரித்து, நான்கு மேஜைகளில் உட்கார வைத்தார். மேஜைக்கு மேஜை வேறு நிறத்தில் பலூன். எங்கள் பலூன் பச்சை. எங்கள் மேஜைக்கு மட்டும் பட்டர் ஃப்ரூட்டை மசித்துத் தடவிய ரொட்டி. உங்கள் தலைமுறைக்கு இது உயிராமே என்று சிரித்தபடி தட்டை என் பக்கம் தள்ளினார். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஒரு வாய் கடித்து, துப்ப இடம் தேடி, பிறகு விழுங்கினேன்.

என் பக்கத்தில் டைலர். எனக்கும் அவனுக்கும் சில மாத வித்தியாசம்தான். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். அவன் அப்பாவுக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு, ஊருக்குள் ஒரு வீடு. பனிக்காலம் வந்தால் டைலர் வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய்ச் சறுக்கி விளையாடுவான். பனி உருகினால் திரும்பி வருவான். அவனும் நானும் ஒரே பலூனின் கீழ் உட்கார்ந்திருந்தோம்.

ப்ரூக் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். மில்லெனியல்கள் ஒரு வேலையில் நிலைக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பைவிட சுதந்திரம் முக்கியம். சம்பளத்தைவிட அனுபவம் முக்கியம். பிறகு எங்கள் மேஜைக்கு வந்து, இந்தக் கிடங்குக்கு முன்னால் எத்தனை முதலாளிகளிடம் வேலை செய்திருக்கிறீர்கள் என்று விரலால் காட்டச் சொன்னார். டைலர் நான்கு விரல் காட்டினான். நான் உண்மையைச் சொல்கிறவன். ஏழு காட்டினேன்.

ப்ரூக் கை தட்டினார். “பார்த்தீர்களா! ஏழு! இதைத்தான் சொன்னேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். வேய்ன்கூடச் சிரித்தார். “இல்லை மேடம், அது ஒரே மெஷின்தான்” என்று நான் ஆரம்பித்தேன். அதை ஆங்கிலத்தில் எப்படி முடிப்பது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அங்கே முடிக்காமல் விட்டதை இங்கே முடிக்கிறேன்.

3

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பெயர் லூர்துசாமி. எனக்கு நினைவு தெரிந்தபோது அவர் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சரக்கு ஏஜென்டின் கிடங்கு கேட்டில் நிற்கிற கூலி. நிற்கிற கூலி என்றால், நிற்பதுதான் முதல் வேலை. விடிவதற்கு முன்னால் போய்க் கேட் முன்னால் நிற்க வேண்டும். மேஸ்திரி வருவார். லோடு எத்தனை என்று பார்த்துவிட்டு, கேட்டைத் திறக்காமலே எட்டிப் பார்ப்பார். நிற்கிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்குவார்கள். அவர் விரல் யார் மேல் படுகிறதோ அவர்கள் உள்ளே. மற்றவர்கள் வீட்டுக்கு.

நைனா வீடு திரும்பும் நேரத்தை வைத்தே அன்று என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் அவர் தெருமுனையில் தெரிந்தால், அம்மா அடுப்பில் வைத்ததைப் பாதியாகக் குறைத்துவிடுவாள்.

நைனாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சல் அடித்தாலும் போவார். தன் தங்கச்சி திருமணத்தன்றும் போனார். தாலி கட்டி முடிந்ததும், மத்தியான லோடுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாந்தோமிலிருந்து பஸ் ஏறியவர்தான். அம்மா சண்டை போட்டாள். நைனா சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

“கூப்ட்டா போயிடணும்மே. ஒரு தபா இல்லேன்னு சொல்ட்டேன்னு வையி, மறு தபா அந்த ஆளு உன் மூஞ்ச கூட பாக்க மாட்டான்.”

நான் எட்டாவது படிக்கும்போது அவரைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். வட சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியாது. ஆர்டர் வந்த அன்று நைனா அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய் மாதா காலடியில் வைத்துவிட்டு, பிறகுதான் அம்மாவிடம் காட்டினார். தெருவுக்கே பிரியாணி. அடுத்த தெரு காதர் பாய்தான் ஆக்கினார். கம்பெனியில் டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. பர்மனென்ட் ஆனவர்கள் படத்தை அதில் ஒட்டுவார்கள். நைனா எங்களைக் கூட்டிக்கொண்டு போய், கம்பிக்கு வெளியே நிறுத்தி, அந்தப் பலகையைத் தூரத்திலிருந்து காட்டினார். எங்களுக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னோம்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவருக்குப் பர்மனென்ட் லூர்து என்று பெயர். அதுவும் ஒட்டிய பெயர்தான். ஆனால் ஆளைப் பார்த்து ஒட்டியது.

4

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டுத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். பர்மனென்ட் ஆட்களுக்கு வெள்ளை ஹெல்மெட், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். கேன்டீனில் வெள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகு மஞ்சள் உட்கார வேண்டும். நான் மஞ்சள். எந்த மெஷினில் முதல் நாள் நின்றேனோ அதே மெஷினில்தான் கடைசி நாள் வரை நின்றேன். அது சத்தம் மாறினால் எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை கழுத்து அட்டை மட்டும் மாறும். கான்ட்ராக்டர் பெயரை மாற்றிவிடுவார்கள். ஒரு வருடம் ஏதோ சாமி பெயரில் கம்பெனி, அடுத்த வருடம் முதலாளி மகள் பெயரில். இடையில் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்து, புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ச்சியாக வேலை பார்த்தேன் என்று யாரும் பிற்பாடு கோர்ட்டில் சொல்லிவிடக் கூடாது அல்லவா? இப்படித்தான் ஏழு முதலாளிகள். ப்ரூக் மேடம் கை தட்டிய ஏழு இதுதான்.

கனடாவுக்கு விண்ணப்பித்தபோது அந்த ஏழு பேரிடமிருந்தும் அனுபவச் சான்று கேட்டார்கள். இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. ஒருவரை மீஞ்சூரில் தேடிப் பிடித்தேன். கான்ட்ராக்டை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் கரும்பு ஜூஸ் கடை வைத்திருந்தார். பாவம், நல்ல மனசு. கடை பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, நான் தொழிற்சாலையில் அவரிடம் வேலை பார்த்தேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு ஜூஸும் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இங்கேயிருந்து ஒரு கேள்வி வந்தது: நீங்கள் பழச்சாறுத் தொழிலிலும் இருந்தீர்களா?

நைனாவுக்கு இதெல்லாம் புரியவே இல்லை. அவர் காலத்தில் பொறுமையாக நின்றவனைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். அதனால் ஆகாதவன் நிற்காதவன் என்று முடிவு கட்டிவிட்டார். என் கழுத்தில் அட்டை மாறும்போதெல்லாம் ஆரம்பிப்பார்.

“இன்னாடா, இதையும் வுட்டுட்டியா? உங்க செட்டு பசங்களே இப்டித்தான். ஒரு எடத்துல குந்த மாட்டீங்கோ.”

“அதே மெஷின்தான் நைனா. பேருதான் மாத்திக்கீறான்.”

“யார்கிட்ட கத வுடற? பேர மாத்துனா ஆள எப்டிடா தெரியும்?”

ப்ரூக் என்னைப் பற்றித் திரையில் காட்டியதும் நைனா சொன்னதும் ஒரே வாக்கியம்தான். ஒருவர் அதைப் பாராட்டாகச் சொன்னார், ஒருவர் திட்டாகச் சொன்னார்.

ஊரிலிருந்து படிக்கிற நீங்கள் சிரிக்க வேண்டாம். நீங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் பள்ளித் தோழர்கள் வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், ‘90ஸ் கிட்ஸ்’ என்று. காலையில் எழுந்தால் தேன் மிட்டாய்ப் படம். மத்தியானம் ஒரு பழைய கார்ட்டூன் படம். சாயந்திரம் ‘அந்த நாள் திரும்ப வருமா’ என்று கண்ணீர். வரவே வேண்டாம், போய்த் தொலையட்டும். எனக்குத் தொண்ணூறுகள் என்றால் மொட்டை மாடியில் காயப் போட்ட வெள்ளைச் சட்டை. துறைமுகத்திலிருந்து காற்றில் வருகிற கரித்தூள் படிந்து சாயந்திரத்துக்குள் சாம்பல் நிறமாகியிருக்கும். திரும்பத் துவைக்கத் தண்ணீர் இருக்காது. உதறிவிட்டுப் போட்டுக்கொண்டு போவேன், ஸ்கூலில் கலீஜ் என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டவன்தான் இன்று அந்தக் குழுவின் அட்மின். அவன்தான் நம் பொற்காலம் என்று தினமும் அனுப்புகிறான். அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

5

இப்போது படம் சுவருக்குப் போன கதைக்கு வருகிறேன். கிடங்கில் வேய்ன் மாதிரி நிரந்தர ஆட்கள் கொஞ்சம் பேர். மற்ற எங்களுக்கு ஃபோனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் வந்து ஆள் தேவைப்பட்டால் அது மணி அடிக்கும். பச்சையை அழுத்தினால் வருகிறேன் என்று அர்த்தம். சிவப்பை அழுத்தினால் வரவில்லை. சிவப்பை அழுத்தினால் ஒன்றும் ஆகாது, அது உங்கள் உரிமை என்று எங்கள் சூப்பர்வைசர் டேரல் முதல் நாளே சொன்னார்.

டைலர் சிவப்பை அழுத்துவான். காற்று நன்றாக இருக்கிறது, கடலுக்குப் போகிறேன் என்று காரணம் வேறு போடுவான். மறுநாளும் அவனைக் கூப்பிடுகிறார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும் என் கை நம்பவில்லை. மணி அடித்தால் என் விரல் பச்சைக்குப் போய்விடும். தூங்கிக்கொண்டிருந்தாலும் போகும். இரண்டாவது மணி அடிக்கவிட்டதே இல்லை.

மெர்லின் புதுநன்மை வாங்கிய அன்று, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று, கோயிலில் பையில் கிடந்த ஃபோன் அதிர்ந்தது. அவள் வெள்ளை உடையில், கையில் மெழுகுவர்த்தியோடு, நடுவழியில் நடந்து வந்துகொண்டிருந்தாள். எங்கள் வரிசைக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டுப் பச்சையை அழுத்தினேன். கேக் வெட்டும்போது நான் கிடங்கில் இருந்தேன். ஸ்டெல்லா அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. “அப்பா, யூ ஆர் சச் எ பூமர்” என்றாள் மெர்லின். பூமர் என்றால் எழுபது வயதுக் கிழவர்களுக்கு இங்கே வைத்த பெயர். ஒரே வீட்டுக்குள் நான் கிழவன், கிடங்கில் நான் துள்ளித் திரியும் இளவட்டம்.

செயலி எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொள்கிறது. யார் எத்தனை வேகமாகப் பச்சையை அழுத்துகிறார்கள், யார் அழுத்தவில்லை என்ற அந்தக் கணக்கு ப்ரூக்கிடம் போயிருக்கிறது. முதல் இடத்தில் நான். இப்படிக் கூப்பிட்டு வேலை வாங்குகிற முறையை இந்தக் கிடங்கிலேயே யாரும் இவ்வளவு ரசித்து அனுபவிக்கவில்லை என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். விபத்துத் தடுப்பு அறிவிப்புப் பலகைக்கு என்று சொல்லித்தான் டேரல் என்னைப் படம் எடுத்தார். அதைத்தான் சுவரில் மாட்டினார்கள்.

படம் மாட்டிய அடுத்த வாரம், வேய்னின் இடத்துக்கு நான் எழுதிப் போட்டதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அறையில் டேரல், கணினித் திரையில் ப்ரூக். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உட்காருங்கள் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நின்றேன்.

“அமல், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி” என்றார் ப்ரூக். “வேய்னின் இடத்தை நாங்கள் நிரப்பப் போவதில்லை. அவர் போனதும் அதையும் செயலிக்கே மாற்றிவிடுகிறோம். இனி வரப்போகிறவர்கள் யாரும் ஒரே வேலை நேரத்துக்குள் கட்டுண்டு கிடக்க விரும்ப மாட்டார்கள் என்பதை உங்களை வைத்துத்தான் மேலிடத்துக்கு நிரூபித்தோம்.”

அப்போதுதான் வாய் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அழாமல், நேராகச் சொன்னேன். பிடித்து அழுத்தவில்லை மேடம், பயத்தில் அழுத்துகிறேன். என் அப்பா ஒரு கேட் முன்னால் நின்று கையைத் தூக்கி எங்களைக் காப்பாற்றினார். ஒரு தடவை இல்லை என்றால் மறு தடவை கூப்பிட மாட்டார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குச் சுதந்திரம் வேண்டாம், பகல் ஷிஃப்ட் வேண்டும், என் பிள்ளையோடு சாப்பிட வேண்டும்.

டேரல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரூக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது.

“நன்றி அமல். மனப் பதற்றத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேச உங்கள் தலைமுறையால் மட்டும்தான் முடியும்.”

அன்று மாலையே மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வந்தது. மூச்சுப் பயிற்சி கற்றுத்தரும் வேறொரு செயலி. சொல்வதற்கே கூசுகிறது, அதையும் இறக்கி வைத்திருக்கிறேன். அனுப்பினார்களே, இல்லை என்று எப்படிச் சொல்வது?

6

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்து, வழக்கம்போல் ராயபுரத்துக்கு வீடியோவில் கூப்பிட்டோம். ஸ்டெல்லா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நைனா என் தங்கச்சியோடு இருக்கிறார். மேஜைமேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தோம். பக்கத்தில் என் ஃபோன் கிடந்தது. திரையில் வந்த நைனா புதுச் சட்டை போட்டிருந்தார்.

“டேய் அமலு! இன்னாடா, எங்கையில ஒரு வார்த்த சொல்லவே இல்ல? போட்டோ மாட்டிக்கீறாங்களே!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெர்லின் நாற்காலியில் நெளிந்தாள். நான் மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவைக் கொடுக்க ஒரு நாள் ஸ்டெல்லா அவளைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்கு வந்திருந்தாள். அப்போது சாப்பாட்டு அறையில் சுவரில் இருந்ததை மெர்லின் படம் பிடித்துத் தாத்தாவுக்கு அனுப்பியிருக்கிறாள். நைனாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கம்பெனிச் சுவரில் மகனின் படம் இருக்கிறது. அதற்கு அவருக்குத் தெரிந்து ஒரே ஒரு அர்த்தம்தான்.

“பூசைக்குக் குட்த்துட்டேன். ஃபாதரு மைக்லயே படிச்சாரு, லூர்துசாமி மவன் அமல்ராஜ் கனடாவுல பர்மனென்ட்டு ஆனதுக்கு நன்றியான்னு. தெருவுக்கு பிரியாணி போட்டாச்சு. காதர் பாய் புள்ளதான் ஆக்குனான், அவங்கப்பா கை பக்குவம் வரல. ஆனாலும் போட்டாச்சு. நான் உன்ன எம்மாம் பேசிக்கீறேன், ஒரு எடத்துல நிக்க மாட்டேன்னு. மன்சுல வெச்சுக்காதடா.”

அவர் என்னிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இருபது வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வந்ததே, அது எதை நம்பி வந்தது? அந்த மைக்ரோவேவ் அடுப்பின் மேல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவனுக்காகவா பூசை வைத்தார்?

“நைனா, அது வந்து...” என்று ஆரம்பித்தேன்.

ஃபோன் மணி அடித்தது.

என் கை போவதற்குள் மெர்லினின் கை போய்விட்டது. பச்சை. இரண்டாவது மணி அடிக்கவில்லை.

“நான்தான் ஃபர்ஸ்ட்!” என்று கத்தினாள். “தாத்தா, அப்பாவுக்கு ஷிஃப்ட் வந்துச்சு. அப்பாவுக்கு முன்னாடி நான் எடுத்துட்டேன்!”

நைனா திரையை நெருங்கி வந்தார். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

“அது இன்னா சத்தம்?”

“வேலைக்குக் கூப்பிடறாங்கோ நைனா.”

“பர்மனென்ட்டு ஆனவன எதுக்குடா கூப்புடறாங்கோ?”

நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அதுவே போதும் அவருக்கு. எத்தனை காலை கேட் முன்னால் நின்றவர். மெதுவாகப் பின்னால் நகர்ந்து நாற்காலியில் சாய்ந்தார். புதுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். பார்வை என் மேல் இல்லை, மெர்லின் மேல் இருந்தது.

“கொயந்த கை தூக்கக் கத்துக்கினாளா?” என்றார்.

அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஃபோனை எடுத்து, எடுத்த ஷிஃப்டை ரத்து செய்தேன். உறுதியா என்று கேட்டது. சிவப்பை அழுத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவை. மெர்லின் என்னை ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைப் போட்டு உடைத்தவனைப் போல் பார்த்தாள்.

“வேணாம்னு சொல்லிட்டேன் நைனா” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பர்மனென்ட் இல்லை என்று தெரிந்தபோதுகூட அப்படி மாறவில்லை. குரலை இறக்கி, தெருவில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல் பேசினார்.

“இன்னாடா பண்ணிட்ட? சரி, வுடு. ஆனது ஆயிப்போச்சு. நாளிக்கி வெள்ளென எய்ந்து போயி கேட்டு மின்னாடி நில்லு. மூஞ்சப் பாத்தா அந்தாளுக்கு மன்சு எறங்கிடும்.”

“சரி நைனா” என்றேன். வேறு என்ன சொல்வது?

மெர்லின் மேஜையில் கிடந்த ஃபோனைப் பார்த்தாள். அது திரும்ப அடிக்கவில்லை. பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி வாசல் பக்கம் போனாள். குனிந்து என் வேலை ஷூவைத் தேடி எடுத்து ஜோடியாக வைத்தாள்.

“எங்க போய் நிக்கணும், தாத்தா?” என்று கேட்டாள்.